வின்சென்ட்டின் கிராமங்களில் ஐந்து நாள்

முதல் நாள், ஸுண்டெர்ட்

ஆம்ஸ்டர்டாமில் இறங்கியதும் எல்லாரும் போகிற வான்கோ அருங்காட்சியகத்துக்கு நான் போகவில்லை. அதைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறேன். விமான நிலையத்திலிருந்து நேராக ரயில் ஏறி பிரேடா. அங்கிருந்து பேருந்தில் ஸுண்டெர்ட். பெல்ஜியம் எல்லைக்குப் பக்கத்தில், நெதர்லாந்தின் பிராபண்ட் மாகாணத்தில் இருக்கிற சின்ன ஊர் இது. 1853 மார்ச் 30 அன்று ஓவியர் வின்சென்ட் வான்கோ இங்கேதான் பிறந்தார்.

ஏன் இந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு சூரியகாந்தியையும் நட்சத்திர இரவையும்தான் இத்தனை வருஷமாகக் காட்டி வந்திருக்கிறேன். ஆனால் என் மனதில் உட்கார்ந்துகொண்டது வேறு படம். இருட்டான அறை, அதை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு தறி, அதற்குள் கூண்டில் இருப்பதுபோல் ஒரு ஆள். எங்கள் வீட்டில் அப்பா தறி நெய்தார், அம்மா தார் சுற்றினார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூலைச் சுற்றிக் கொடுத்தார். அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று, இதை வரைந்தவர் தறிக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சூரியகாந்தி வரைவதற்கு முன் அந்த மனிதர் எங்கே, எப்படி உருவானார் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

அவர் பிறந்த வீடு இப்போது இல்லை. 1903இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று அவர் பெயரில் ஒரு கலை இல்லம் இருக்கிறது. நான் அதிக நேரம் இருந்தது அங்கே அல்ல, அவருடைய அப்பா பாதிரியாராக இருந்த சின்னத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். அங்கே ஒரு சிறிய கல். அதில் 'வின்சென்ட் வான்கோ 1852' என்று எழுதியிருக்கிறது. அது இவருடையது அல்ல, இவருக்கு ஒரு வருஷம் முன்னால் இதே மார்ச் 30ஆம் தேதி இறந்து பிறந்த அண்ணனுடையது. அதே பெயரைத்தான் இவருக்கும் வைத்தார்கள். அப்பாவின் தேவாலயத்துக்குப் போகும்போதெல்லாம் தன் பெயரைத் தாங்கிய கல்லைக் கடந்து ஒரு பையன் நடந்திருக்கிறான். இதை வைத்து அவருடைய பிற்கால நோய்க்கெல்லாம் காரணம் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி நடந்தது. ஆனால் கல்லின் முன்னால் நிற்கும்போது வயிற்றில் ஏதோ செய்தது, அதை மறைக்க மாட்டேன்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஸாட்கின் என்ற சிற்பி செய்த சிலை. வின்சென்ட்டும் தம்பி தியோவும் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். 1964இல் வைத்தது.

11 வயதில் அவரை ஸெவன்பெர்கனில் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். மழையில் நனைந்த சாலையில் அப்பா அம்மாவின் வண்டி தூரத்தில் போவதைப் படியில் நின்று பார்த்ததைப் பெரியவரான பிறகும் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1889 ஜனவரியில், காதை அறுத்துக்கொண்டு பிரான்சில் ஆர்ல் நகரத்து மருத்துவமனையில் கிடந்து மீண்ட பிறகு தியோவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நோயில் கிடந்தபோது ஸுண்டெர்ட் வீட்டின் ஒவ்வொரு அறையும், தோட்டத்தின் ஒவ்வொரு செடியும், வயல்களும், அண்டை வீட்டாரும், கல்லறைத் தோட்டத்தில் உயரமான அக்கேசியா மரத்தில் இருந்த மேக்பை பறவையின் கூடுவரை கண்முன் வந்தன என்கிறார். வீட்டை விட்டு அனுப்பப்பட்டு 24 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு கூடு அப்படியே கண்ணில் இருக்கிறது.

மரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பேருந்தைத் தவறவிட்டேன். அடுத்தது வர நேரமாகிவிட்டது. குளிர்.

இரண்டாம் நாள், நூனன்

பிரேடாவிலிருந்து ஐந்தோவனுக்கு ரயில். ஐந்தோவனில் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். நூனன் பக்கம்தான், தரை முழுக்க மட்டம், மிதிக்கவே தேவையில்லாததுபோல் போகிறது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நட்சத்திர இரவை நினைவூட்டும்படி இரவில் ஒளிரும் கற்கள் பதித்த ஒரு சைக்கிள் பாதை 2014இல் போட்டிருக்கிறார்கள். நான் பகலில் வந்ததால் கற்களாகத்தான் தெரிந்தன.

வின்சென்ட் இங்கே வந்தது 1883 டிசம்பரில், 30 வயதில். அதற்குள் படக் கடை வேலை, இங்கிலாந்தில் ஆசிரியர் வேலை, பெல்ஜியத்துச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம் எல்லாம் பார்த்து, எதிலும் நிலைக்காமல், 27 வயதில்தான் ஓவியராவது என்று முடிவு செய்திருந்தார். ஹேக் நகரம், ட்ரெந்தே என்று அலைந்து, கையில் காசில்லாமல் அப்பாவின் வீட்டுக்குத் திரும்பினார். பெரிய முரட்டு நாயை வீட்டுக்குள் விடத் தயங்குவதுபோல் என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்று தம்பிக்கு எழுதினார். அப்படி வந்தவர் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இங்கே இருந்தார். எண்ணெய் ஓவியங்கள் மட்டும் ஏறத்தாழ 200. வரைபடங்கள் தனி. வாழ்நாளில் செய்ததில் கால்வாசிக்குப் பக்கம் இந்த ஒரு கிராமத்தில் செய்தது.

அவர்கள் இருந்த பாதிரியார் இல்லம் 'பெர்க்' என்ற தெருவில் அப்படியே நிற்கிறது. 1764இல் கட்டியது. எதிர்ப்பக்கத்தில் அருங்காட்சியகம். துணி உலர்த்தி மடிக்கும் பின்கட்டு அறையை அவருக்கு வேலை செய்யக் கொடுத்தார்கள். ஈரமான இடம். அடுத்த வருஷம் கத்தோலிக்கக் கோயில் பணியாளர் ஒருவரிடம் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து அங்கே மாறிக்கொண்டார். தியோ மாதம் 150 ஃபிராங்க் அனுப்பினார். அதை தானமாக வாங்க வின்சென்ட்டுக்கு மனமில்லை. என் படங்களை எடுத்துக்கொள், அந்தப் பணம் என் கூலி என்று பேசி ஏற்பாடு செய்துகொண்டார். கூலி என்ற எண்ணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பக்கத்து வீட்டில் மார்கோ பெகமான் என்ற பெண் இருந்தார். வின்சென்ட்டை நேசித்தார். 43 வயது அவருக்கு, இவருக்கு 31. குடும்பங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1884இல் அந்தப் பெண் விஷம் குடித்துப் பிழைத்தார். அந்த வீட்டை நின்று பார்த்தேன், படம் எடுக்கத் தோன்றவில்லை.

கொஞ்சம் நடந்தால் எண்கோண வடிவில் குட்டித் தேவாலயம். 1884 ஜனவரியில் அம்மா ரயிலிலிருந்து இறங்கும்போது தொடை எலும்பு முறிந்து படுத்தார். வின்சென்ட் தூக்கி, கிடத்தி, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். வெளியே போக முடியாத அம்மாவுக்காக அந்தத் தேவாலயத்தைச் சின்னதாக வரைந்து கொடுத்தார். முதலில் படத்தில் மண்வெட்டியோடு ஒரு குடியானவர் இருந்தார். அடுத்த வருஷம் அப்பா இறந்த பிறகு அதை மறுபடி எடுத்து, துக்க உடையில் பெண்களை வரைந்து சேர்த்தார். இந்தப் படம் 2002இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து திருடு போய், 2016இல் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் கிடைத்தது. நேரில் பார்க்கும்போது கட்டடம் படத்தில் இருப்பதைவிடச் சிறியது.

மூன்றாம் நாள், தறிகள்

இன்று முழுக்கத் தறிதான். வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

பையில் நெசவாளர் படங்களின் அச்சுப் பிரதிகளை எடுத்து வந்திருந்தேன். காலையில் சைக்கிளில் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 1884 குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அவர் வேறு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூனனில் அப்போது வீட்டுக்கு வீடு நெசவு. முதலாளி நூல் கொடுப்பார், இவர்கள் நெய்து துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கள் ஊரிலும் அதே ஏற்பாடுதான். மண்தரை வீடு, ஒரே அறை, அதில் முக்கால்வாசி தறி.

அறை சின்னதாக இருப்பதால் தள்ளி உட்கார்ந்து வரைய இடமில்லை, ரொம்பப் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் தறி வரைவது கஷ்டம் என்று எழுதுகிறார். இதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது, சந்தோஷச் சிரிப்பு. ஒன்பதாம் வகுப்பில் அப்பாவின் தறியை வரைய உட்கார்ந்தேன். பின்னால் நகர்ந்தால் சுவர், பக்கத்தில் நகர்ந்தால் பாவு நூல். கடைசியில் படைமரமும் அப்பாவின் முழங்கையும் மட்டும் காகிதத்தில் வந்தன.

நண்பர் ராப்பார்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைவிட நல்ல விஷயம் ஒன்று சொல்கிறார். இயந்திரம் தெரிந்த ஒருவர் தறியை வரைந்தால் எல்லாச் சட்டமும் சரியாக இருக்கும். என் படத்தில் அந்தக் கட்டைக் குவியலுக்குள்ளிருந்து அவ்வப்போது ஒரு பெருமூச்சோ முனகலோ கேட்க வேண்டும் என்கிறார். அழுக்கேறிக் கறுத்த ஓக் மரத்தாலான அந்தப் பூதத்துக்கு நடுவில் மனிதன் ஒரு குரங்கோ பேயோ போல் உட்கார்ந்து காலையிலிருந்து ராத்திரிவரை மிதித்துக்கொண்டிருப்பதை எழுதுகிறார். ஒரு தறியில் 1730 என்று செதுக்கியிருந்ததாம். அதற்குப் பக்கத்தில், பச்சைப் புல்வெளியைப் பார்த்த சின்ன ஜன்னல் ஓரம், குழந்தையை உயரமான நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அது நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்சியை வரைந்திருக்கிறார்.

அந்தக் குழந்தை நான்தான். நாற்காலிக்குப் பதில் தூளி, அவ்வளவுதான். நாடா இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கண்ணுக்கு முதலில் கிடைத்த பயிற்சி அது.

ஓவியருக்குக் கிராமம் கொடுப்பது காட்சி என்று பலர் எழுதுகிறார்கள்: வயல், மரம், வானம், அமைதி. நூனனில் வின்சென்ட்டுக்குக் கிடைத்தது அமைதி அல்ல என்று நான் நினைக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை எழுந்திருக்காத ஆட்களை இங்கே பார்த்தார், தன் வேலையையும் அந்த அளவுக்கு இழுத்தார். அவர் மாதிரிகளைத் தேடிப் போனதாகத் தோன்றவில்லை. வேலைத் துணை தேடிப் போனதாகத் தோன்றுகிறது.

மாலையில் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு. நாற்காலிக் குழந்தைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தார் யாருடி சுத்துறா?" என்றார்.

"படத்துல இல்லம்மா."

"ஆள் இல்லாம எப்படி? தார் வந்தாத்தான தறி ஓடும்."

எனக்குப் பதில் தெரியவில்லை.

நான்காம் நாள், கோபுரம், கிழங்கு, கூடு

ராத்திரி மழை. காலையில் சாலையெல்லாம் இலை. ஊருக்கு வெளியே வயல்களில் உருளைக்கிழங்கு அறுவடை நடந்துகொண்டிருந்தது. இயந்திரம்தான் தோண்டுகிறது. மண்ணின் வாசனை மட்டும் மாறியிருக்காது.

முதலில் கல்லறைக்குப் போனேன். ஒரு காலத்தில் பழைய தேவாலயக் கோபுரம் நின்ற இடம் அது. வின்சென்ட்டின் அப்பா இங்கே அடக்கமாகியிருக்கிறார். 1885 மார்ச் 26 அன்று வெளியே போய்த் திரும்பியவர் வீட்டு வாசலில் விழுந்தார். 30ஆம் தேதி அடக்கம். அன்று வின்சென்ட்டுக்கு 32 வயது நிறைந்தது. அதே வருஷம் கோபுரத்தையும் இடித்தார்கள். இடிந்துகொண்டிருந்த கோபுரத்தைக் காக்கைகளோடு வரைந்தார். கோபுரத்தின் மரக்கட்டைகளை ஏலம் விட்டதையும் வரைந்தார். வாழ்நாளெல்லாம் தோண்டிய வயலிலேயே குடியானவர்கள் எவ்வளவு எளிமையாகப் புதைக்கப்படுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் அந்தக் கோபுரப் படம் என்று தியோவுக்கு விளக்கியிருக்கிறார். அப்பாவோடு எவ்வளவோ சண்டை. அந்தப் படத்தில் சண்டை இல்லை.

ரூஸ்டாங்க் காற்றாலையையும் பார்த்தேன். அவர் இங்கே இருக்கும்போதே 1884இல் கட்டியது, அவருடைய பல படங்களில் தூரத்தில் தெரியும்.

அப்புறம் கிழங்கு. 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தில் இருப்பது தெ க்ரூட் குடும்பம். அவர்கள் வீடு இப்போது இல்லை. அந்தச் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். 1884-85 குளிர்காலம் முழுக்க வின்சென்ட் குடியானவர்களின் முகங்களாக வரைந்து தள்ளினார். 50 முகம் வரைய வேண்டும் என்று குறி வைத்திருந்தார். ராத்திரி நேரத்தில் அந்த வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பழகினார். 1885 ஏப்ரலிலும் மே மாதத்திலும் பெரிய படத்தைப் போட்டார். முன்பே வரைந்த தோல் நிறங்கள் வெளிறியிருப்பதாகப் பட்டதால் மறுபடி மேலே பூசி, தோல் உரிக்காத, மண் ஒட்டிய கிழங்கின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். தட்டுக்கு நீளும் கைகள்தான் மண்ணையும் தோண்டின, இந்தச் சாப்பாட்டை அவர்கள் நேர்மையாகச் சம்பாதித்தார்கள் என்பதுதான் தன் படத்தின் பேச்சு என்று எழுதினார்.

ராப்பார்ட்டுக்கு அதன் கல்லச்சுப் பிரதி போனது. அவர் கடுமையாக எழுதினார்: பின்னால் இருக்கும் பெண்ணின் கை நளினம் காட்டுகிறது, காப்பிப் பாத்திரத்துக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். வின்சென்ட் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். அந்த நட்பு பிறகு ஒட்டவே இல்லை. ராப்பார்ட் சொன்ன பிழைகள் இருக்கத்தான் செய்கின்றன. உடற்கூறு தெரிந்த மாணவர் யாரும் அவற்றைக் காட்டிவிடுவார். ஆனால் அந்தக் கைகளைச் சரி செய்தால் படம் போய்விடும் என்று நான் நம்புகிறேன்.

அதே வருஷம் அந்தக் குடும்பத்துப் பெண் கோர்டினா தெ க்ரூட் கர்ப்பமானார். வின்சென்ட்தான் காரணம் என்று ஊரில் வதந்தி. அவர் மறுத்தார். கத்தோலிக்கப் பாதிரியார் தம் மக்களை அவருக்கு மாதிரியாக உட்காரக் கூடாது என்று தடுத்தார். உட்காராமல் இருந்தால் பணம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். வதந்தி ஒரு சின்ன ஊரில் எப்படி நடக்கும் என்று கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். ஒரு வாரத்தில் எல்லாக் கதவும் சாத்திவிடும்.

மனிதர்கள் வரவில்லை என்றதும் அவர் என்ன வரைந்தார் தெரியுமா? கூடை நிறையக் கிழங்கு. அப்புறம் பறவைக் கூடுகள். பையன்களுக்குக் காசு கொடுத்துக் கூடுகள் கொண்டுவரச் சொல்லிச் சேர்த்திருந்தார். பாசி, காய்ந்த புல், சுள்ளி எல்லாம் கறுப்புப் பின்னணியில். சின்னஞ்சிறு குட்டைக்குருவியும் மாங்குயிலும் உண்மையில் கலைஞர்கள் என்று எழுதினார். குடிசைகளை மனிதக் கூடுகள் என்றும் சொன்னார். ஸுண்டெர்ட்டில் அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்த பையன் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தான்.

1885 நவம்பரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குக் கிளம்பினார். நெதர்லாந்துக்குத் திரும்பவே இல்லை. வேலை செய்ததை எல்லாம் இங்கேயே விட்டுப் போனார். அடுத்த வருஷம் அம்மா பிரேடாவுக்குக் குடிபோனபோது அவை பெட்டிகளில் ஒரு தச்சர் வீட்டுக்குப் போயின. பல வருஷம் கழித்து ஒரு பழைய சாமான் வியாபாரி கைக்கு வந்து, தள்ளுவண்டியில் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டன. எத்தனை போயினவோ. முதல் நாள் பேருந்தைத் தவறவிட்டதற்கு அவ்வளவு கோபப்பட்டேன். இதை நினைத்தால் தூக்கமே வரவில்லை.

ஐந்தாம் நாள், ஆம்ஸ்டர்டாம்

ரயிலில் வரும்போது அவருடைய கடிதங்களைப் படித்துக்கொண்டு வந்தேன். எல்லாக் கடிதங்களையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

அருங்காட்சியகத்தில் நேராக 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' முன்னால் போய் நின்றேன். 82 சென்டிமீட்டர் உயரம், 114 சென்டிமீட்டர் அகலம். அச்சில் பழுப்பாகத் தெரிந்தது நேரில் பழுப்பு இல்லை. பச்சையும் நீலமும் அடியில் ஓடுகின்றன. கிழங்கிலிருந்து ஆவி எழுகிறது. சூரியகாந்தி இருக்கும் இடத்தில் கூட்டம் அதிகம், இங்கே கொஞ்சம்தான். கைகளை மட்டும் ஒன்றொன்றாகப் பார்த்தேன். ராப்பார்ட் கேட்ட கையையும். அது காப்பிப் பாத்திரத்தைப் பிடித்திருக்கிற விதம் எனக்கு உறுத்தவில்லை. களைத்த கை அப்படித்தான் பிடிக்கும்.

இரவு அம்மாவைக் கூப்பிட்டேன். ரயிலில் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. தார் சுற்றும் பெண்களையும் அவர் தனியாக வரைந்திருக்கிறார். ஒன்றை அனுப்பினேன்: ராட்டையின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவளுக்குக் கூலி எவ்வளவு?"

1885 ஜனவரியில் எழுதிய கடிதம் கையில் இருந்தது. படித்துக் காட்டினேன். நன்றாக வேலை செய்யும் நெசவாளர் ஒரு வாரத்தில் 60 கெஜத் துணி நெய்வார். அவர் நெய்யும்போது ஒரு பெண் உட்கார்ந்து தார் சுற்ற வேண்டும். கையில் நிற்பது வாரத்துக்கு நாலரை கில்டர், அந்தக் காலத்து டச்சுக் காசு. ஆக வேலை செய்வது இரண்டு பேர், இரண்டு பேரும் பிழைக்க வேண்டியது அந்த ஒரே கூலியில்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ரெண்டு பேருன்னு எழுதியிருக்கானா?" என்றார்.

"ஆமாம்மா."

"இன்னொரு தடவை படி."